மனோன்மணி ரீச்சரின் பின்னூட்டங்கள்

அளவெட்டி,
11.02.2024

என் அன்பு மருமகள் ஜெயனிக்கு,

உன் மாமன் லெனாட் எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உன் அம்மாவும் சுகம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது. அங்கே உங்கள் எல்லோரையும் கர்த்தர் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இது மின்னஞ்சல்தான், ஆனாலும் கடிதம் என்று நினைத்து வாசி. வட்ஸ்அப்பில் எழுதினால் அக்கா என் போனை எடுத்துப் பார்த்துவிடுவார். ஈமெயில் திறக்க அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மருதனார்மடச் சந்தியில் முதன்முதல் கணினி இருந்தது யாருடைய கடையில் என்று எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன் என்று உன் அம்மா சொல்லிக்காட்டுவார். உண்மையில் படிப்புத்தான் என்னை விட்டது, என் வேகம் அதற்குத் தாங்கவில்லை. போன மாதம்கூட கொழும்பிலிருந்து வந்த பெரிய எஞ்சினியர் ஒருவர் என் போட்டோக்கொப்பி மெசினைத் திறந்து பார்த்துவிட்டு, "லெனாட் அண்ணை, இதை இவ்வளவு காலம் ஓட்டினதுக்கு உங்களுக்கு ஒரு பட்டம் தரவேணும்" என்றார். மெசின் அன்று பின்னேரமே நின்றுபோனது வேறு விஷயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை கடைக்கு வந்து ஒடியற்கூழ் செய்முறை ஒன்று அச்சடித்துத் தரச் சொன்னாள். தேடினேன். திரையில் ஒரு கூழ்ச் சட்டி வந்தது. சட்டிக்குப் பின்னால் நீ! உனக்குப் பக்கத்தில் அகப்பையோடு உன் கலா. நடுவில் முன்பல் இல்லாத ஒரு குட்டி. மேலே "எங்கள் வீட்டு வைஃபை" என்று தலைப்பு. கூழுக்கு வந்தவள் "மாமா, எனக்குக் கூழ்?" என்று நிற்கிறாள். அவளுக்கு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு உன் வலைப்பூவை அடிமுதல் நுனிவரை வாசித்தேன். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது மின்கட்டணம் கட்டுகிற விபரமாம். மறுநாள் வந்து பேசிவிட்டுப் போனாள்.

நீ கலாவைக் கலியாணம் முடித்துவிட்டேன் என்று சொன்ன அன்று அக்கா போனை வைத்தவர்தான். ஆறு வருடம். உன் பெயர் இந்த வளவுக்குள் வரவில்லை. உனக்கு ஒரு பிள்ளை இருப்பது தாய்மாமன் எனக்கே கூழ்ச் சட்டி சொல்லித்தான் தெரிந்தது.

கோபம் இல்லை. ஆனால் கேள்விகள் இருக்கின்றன, கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. பிள்ளை விழுந்து "அம்மா" என்று கத்தினால் இரண்டு பேரும் ஓடுவீர்களா, முறை வைத்து ஓடுவீர்களா? கரப்பான்பூச்சி வந்தால் அடிப்பது யார்? சண்டை வந்தால் யார் தாய்வீட்டுக்குப் போவது? கலாவின் அண்ணனும் உங்கள் குட்டி ஆரபிக்கு மாமன்தானே, அப்படியானால் அவரா நானா பெரியவர்? நான் உனக்கே மாமன், ஆகவே அவளுக்குத் தாத்தா முறை என்று யாரும் கணக்குச் சொல்லவேண்டாம். என் தலைமயிர் இன்னும் கறுப்பு. வீட்டுக்குள் தானாக ஊர்ந்து கூட்டுகிற அந்த மெசினுக்கு நீங்கள் "விதானையார்" என்று பெயர் வைத்ததை வாசித்து வயிறு நோகச் சிரித்தேன். அது எல்லா அறைக்குள்ளும் கேட்காமல் போய் மூலையில் நின்று முனகுமாமே. ஊர் அலுவல் பார்க்கிற எங்கள் விதானையாரேதான்!

கலா மட்டக்களப்பு என்று எழுதியிருந்தாய். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று இங்கே சொல்வார்கள். நீ ஏன் இந்தப் பக்கமே வரவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

பதில் எழுது.

உன் தாய்மாமன்,
லெனாட்
(லெனாட் கொம்யூனிகேஷன், மருதனார்மடம்)


மெல்பேர்ண்,
16.02.2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி வாசிக்கத் தொடங்கி, தரையில் இருந்து முடித்தேன். விதானையார் வந்து என் காலில் முட்டிக்கொண்டு நின்றார்.

பாய் எல்லாம் பழைய முறையாம், இப்போது வைஃபையால் ஒட்டவைப்பதாம். கலா எழுதச் சொன்னாள்.

கேள்விகளுக்கு வருகிறேன். ஆரபிக்கு நான் அம்மா, அவள் கலாம்மா. விழுந்தால் இருவரில் ஒருவரையும் கூப்பிடமாட்டாள். "படம் எடுங்கோ, அழிஞ்சு போகமுன்னம் எடுங்கோ!" என்று முழங்காலைக் காட்டிக்கொண்டு கத்துவாள், காயம் வலைப்பூவில் வரவேண்டுமாம். கரப்பானை அடிப்பது கலா. நான் கதிரைமேல் நின்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிவிப்பேன். சண்டை வந்தால் தாய்வீட்டுக்குப் போக எங்கள் இருவருக்கும் வசதி இல்லை, அதனால் யாராவது ஒருவர் காருக்குள் போய் இருப்பார். பெரிய மாமன் யார் என்பதைக் கலாவின் அண்ணன் பிறேமோடு நீங்களே பேசித் தீருங்கள்.

ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆரபி கைக்குழந்தையாக இருந்தபோது எங்களைப்போல ஒரு வீட்டைப் பற்றித் தமிழில் வாசிக்கத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, நானே எழுதுவோம் என்று தொடங்கினேன். முதலில் பயம். பிறகு அது விளையாட்டாகிவிட்டது. ஆரபி இடியப்பத் தட்டை விண்கலமாக்கிப் படம் பிடிக்கிறாள், கலா அதற்கு வாயால் சத்தம் போடுகிறாள், நான் எழுதுகிறேன். யாரோ ஒருவர் எங்கிருந்தோ "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்று பின்னூட்டம் போடும்போது, சந்தையில் ஊர்க்காரரைக் கண்டதுபோல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் "கிட்டப் படம்" விளையாடுவோம். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளைக் கமெராவுக்கு மிகக் கிட்டக் காட்டவேண்டும், மற்றவர்கள் என்னவென்று சொல்லவேண்டும். பிறேம் மட்டக்களப்பிலிருந்து வருவார். நீங்களும் வாருங்கள், உங்கள் நேரம் பின்னேரம் மூன்று மணி.

ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் எங்களைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், அல்லது பேசாமல் இருங்கள்.

ஓர் ஆசையும் உண்டு. அம்மா ஆரபியை ஒருமுறை பார்க்கவேண்டும். எங்களை வாழ்த்தவேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். பார்த்தால் போதும். அதற்கு ஏதாவது வழி இருக்குமா மாமா?

அன்பு மருமகள்,
ஜெயனி


அளவெட்டி,
26.02.2024

அன்பு மருமகளுக்கு,

முதல் ஆட்டத்திலேயே வென்றவன் யார் என்று உன் வலைப்பூவில் எழுதுவாய் என்று நம்புகிறேன். பிறேம் காட்டியது மீன்வலை என்று நான் கண் மூடித் திறக்கமுன் சொன்னேன். அது தேயிலை வடி என்று அவர் சாதித்தது மட்டக்களப்புத் தந்திரம். நான் காட்டிய தேங்காய் திருவலையை உன் மகள் "டைனோசரின்ரை நாக்கு" என்றாளே! நானும் உற்றுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. நாற்பது வருடமாக டைனோசரின் நாக்கிலா தேங்காய் திருவினோம்?

இப்போது கதிரையில் நன்றாகச் சாய்ந்து இரு. நாங்கள் விளையாடும்போது உன் அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். கமெராவுக்குத் தெரியாத பக்கம். ஆரபி டைனோசர் என்றதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு குசினியில் என்னிடம், "பிள்ளைக்கு முன்பல் விழுந்திட்டுதோ? விழுந்த பல்லைக் கூரையிலை எறிஞ்சவையோ, இல்லாட்டி சும்மா குப்பையிலை போட்டவையோ?" என்று கேட்டார்.

நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டியிருந்தாலும் ஒரு சொல் இரண்டு சொல்தான்.

கடையில் வியாபாரம் பறக்கிறது. நான் வலைப்பூ வாசிப்பதைக் கண்டு சந்தியே கணினி படிக்க வரிசையில் நிற்கிறது.

உன் மாமன்,
லெனாட்


மெல்பேர்ண்,
03.03.2024

அன்புள்ள மாமா,

அம்மா சிரித்தார் என்ற வரியைக் கலாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் போனை நீட்டினேன். அவளே வாங்கி வாசித்தாள்.

பல்லைக் கூரையில் எறியவில்லை மாமா, ஒரு டப்பாவில் வைத்திருந்தோம். அம்மா கேட்டார் என்றதும் ஏணி வைத்து ஏறி எறிந்தாள் கலா. அது வழுக்கி வந்து கூரையோரத் தண்ணீர்ப் பீலிக்குள் விழுந்துவிட்டது. அந்தக் கூத்தை "அம்மம்மா கேட்ட பல்" என்று வலைப்பூவில் போட்டிருக்கிறேன். ஆரபி அதை நாலு தரம் வாசிக்கச் சொன்னாள். "அம்மம்மா எண்டால் ஆர்? எங்களுக்கும் இருக்கினமோ?" என்று கேட்டாள். இருக்கிறார் என்று இப்போதுதான் சொல்ல முடிந்தது.

அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். திரைச்சீலைக்குப் பின்னாலேயே நிற்கட்டும். ஆனால் எப்போதாவது ஒரு வரி, எதைப் பற்றியாவது, எழுத மனம் வந்தால் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயனி


அளவெட்டி,
24.03.2024

அன்பு மருமகளுக்கு,

நேற்றிரவு உன் வலைப்பூவைப் பார்த்திருப்பாய். ஓம், அது உன் அம்மாதான்! "மனோன்மணி ரீச்சர்" என்ற பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தது நான். அவர் சொல்லச் சொல்ல என் விரல் தட்டுகிறது. ரைப்பிங் வகுப்புக்குப் போகாத விரல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பல்லுக்கு அவர் எழுதிய பின்னூட்டம் எனக்கே மனப்பாடம்: "பிள்ளை வளர்ப்பது கணக்குப் புத்தகம் அல்ல, கடைசிப் பக்கத்தில் விடை இராது." நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவருக்கு எப்படி வந்து விழுந்தது பார்த்தாயா! அடுத்தது இன்னும் மேல்: "என் மகளைப் பத்து மாதம் சுமந்தேன். கோபத்தை ஆறு வருடமாகச் சுமக்கிறேன். இரண்டையும் தூக்கிப் பார்த்தவள் சொல்கிறேன், பிள்ளைதான் பாரம் குறைவு."

அதன்கீழ் எத்தனை பேர் வந்து "ரீச்சர்! ரீச்சர்!" என்று எழுதியிருக்கிறார்கள்! கனடா, லண்டன், நோர்வே எல்லா இடத்திலிருந்தும் பழைய மாணவர்கள். லண்டனிலிருந்து றிச்சர்ட் என்பவர் அழுகிற முகப்படம் மட்டும் போட்டிருக்கிறார். அவருக்கு என்ன கவலையோ.

ஒரு விஷயம். அம்மா வெட்கப்படுகிறார், ஆகவே இதைப் பற்றி அவருக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் நின்றுபோகும். வருகிற கிழமையும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மாமன்,
லெனாட்


மெல்பேர்ண்,
14.05.2024

மாமா,

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். கலா எனக்காக நண்டுக் கறி வைத்தாள், படம் போட்டேன். அதன்கீழ் "மனோன்மணி ரீச்சர்" எழுதியிருக்கிறார்: "நான் பழக்கிய நண்டுக் கறியல்லவா! மணம் அளவெட்டிவரை வருகிறது. எனக்கும் ஒரு கால் எடுத்து வை, உறிஞ்சவேண்டும்."

அம்மாவுக்கு நண்டு ஆகாது மாமா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கலியாண வீட்டில் தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணும் உதடும் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுச் சட்டியில் நண்டு ஏறவில்லை. இந்தக் குடும்பத்தில் நண்டுக் காலை உறிஞ்சுகிறவர் ஒருவர்தான்.

பழைய பின்னூட்டங்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் இருக்கிறீர்கள். நான் அம்மாவையே தேடி வாசித்ததால் தெரியாமல் போயிற்று.

அந்த வரிகளை அச்சடித்துப் பிறிஜ்ஜில் ஒட்டியிருந்தேன். நேற்று ஆரபி பள்ளியால் வந்து, "அம்மம்மாவின்ரை தாளைக் காணேல்லை" என்றாள். காற்றில் போய்விட்டது என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் பொய். எங்களைப் பற்றிக் கூட்டிச் சொல்லாதீர்கள் என்றேன். நீங்கள் எங்களை விட்டுவிட்டு எனக்கு ஒரு அம்மாவையே செய்து தந்துவிட்டீர்கள். இரண்டு மாதம் அவரோடு வாழ்ந்தேன். இப்போது அவரை இழந்துவிட்டு நிற்கிறேன், அதை யாரிடமும் சொல்லி அழவும் முடியாது.

அந்தப் பின்னூட்டங்களை நானே அழிக்கலாம். கை வரவில்லை. எழுதியவர் நீங்கள், நீங்களே அழியுங்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வரவேண்டாம்.

ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பதில் தாருங்கள். கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள். ஆரபி என்று ஒரு பிள்ளை இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா?

ஜெயனி


அளவெட்டி,
03.06.2024

அன்பு மருமகள் ஜெயனிக்கு,

தெரியாது. நேற்றுக் காலைவரை தெரியாது. இதுதான் உன் கேள்விக்குப் பதில். திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை.

கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதச் சொன்னாய். ஆகவே இந்தக் கடிதம் சம்பல் இல்லாத இடியப்பம்போல இருக்கும், பொறுத்துக்கொள். பின்னூட்டங்களை அழிக்க ஒவ்வொரு நாளும் கணினிக்கு முன்னால் குந்தினேன். அழிக்கிற பொத்தான்வரை போவேன், பிறகு கடைக்கு ஆள் வந்துவிடும். ஆள் வராவிட்டாலும் வந்ததுபோல எழும்பிவிடுவேன். அப்படியே நாள் போய், நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் சபையில் பிறந்தநாள், சோதனை பாஸ், வருத்தம் மாறியது என்று எதற்கும் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியோ காரணத்தை ஒரு துண்டில் எழுதினால், போதகர் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். அது உனக்கு மறந்திராது. இப்போது இருக்கும் அடைக்கலநாதன் போதகர் ஊருக்குப் புதிது. துண்டுகளை முன்கூட்டிப் பார்க்கிற வழக்கமும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இராகத்தில் வாசித்துக்கொண்டு போனார். நடுவில் இது வந்தது:

"லண்டன் றிச்சர்ட் குடும்பத்தினர். மகனோடு மீண்டும் பேசத் தொடங்கியதற்காகவும், அதற்கு வழிகாட்டிய எங்கள் கணக்கு ஆசிரியை மனோன்மணி அவர்களுக்காகவும், அவருடைய மகள் ஜெயனி, ஜெயனியின் மனைவி உதயகலா, இவர்களின் பிள்ளை ஆரபி ஆகியோருக்காகவும்."

வாசித்து முடித்த பிறகுதான் போதகருக்கு வாசித்தது விளங்கியது. துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த பாட்டின் இலக்கத்தைப் பிழையாகச் சொன்னார், திருத்தினார், திருத்தியதும் பிழை. சபையில் பாதிப் பேர் ஒரு பாட்டும் மீதிப் பேர் இன்னொரு பாட்டும் பாடினோம். அக்கா பாடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் யாகப்பு மறித்தான். அவனும் ரீச்சரிடம் படித்தவன். "ரீச்சர், போதகர் வாசிச்சது உண்மையோ?"

"உள்ளுக்கு வாசிச்சதை வெளியிலை வந்து கேக்கிறீர் யாகப்பு. வகுப்பிலையும் நீர் இப்பிடித்தான். மணி அடிச்ச பிறகுதான் உமக்குக் கேள்வி வரும்."

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீடுவரை முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடித்தது. றிச்சர்ட். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், அக்கா தடுக்கவில்லை. அந்த மனிசன் அழுதான். அவனுடைய மகனுக்கும் உன்னைப்போலத்தானாம், துணை ஒரு பெடியன். ஒரு வருடமாக முகம் பார்க்கவில்லையாம். "ரீச்சர், பிள்ளைதான் பாரம் குறைவு எண்டு எழுதினீங்கள். என்ரை மனுசி வாசிச்சுக் காட்டினா. அண்டைக்கே அவனுக்குப் போன் எடுத்தனான்."

அக்கா என்னைப் பார்த்தார். கணக்கைப் பார்த்து எழுதின பிள்ளையைப் பார்க்கிற பார்வை. ஆனால் போனில், "மகன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"'அப்பா, சாப்பிட்டியளோ' எண்டு கேட்டவன் ரீச்சர்."

அக்கா சாப்பாட்டுத் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "நல்லது. இனி விடாதையும்" என்று சொல்லி வைத்தார்.

"லெனாட், கொண்டு வா. நான் எழுதினதெல்லாத்தையும் கொண்டு வா."

ரப்லெட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாசித்தார். நான் கதவோடு நின்றேன். ஏச்சு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வாசித்து வாசித்து ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் இவ்வளவு நல்லவள் இல்லையடா" என்றார்.

நண்டு வந்ததும்தான் குரல் ஏறியது. "நான் எப்பவடா நண்டுக் கால் உறிஞ்சினனான்? செத்தெல்லோ போவன்!"

"எல்லாத்தையும் அழிக்கிறன் அக்கா. ஜெயனியும் அழிக்கச் சொல்லிப்போட்டாள்."

"அழிக்காதை. அழிச்சால் றிச்சர்ட் என்ன நினைப்பான்? அந்தப் பெடியன் பாவம். நண்டை மட்டும் அழி."

அப்படியே செய்தேன். அப்போது அவருடைய விரல் தவறி உங்கள் படத்தில் பட்டு, ஆரபியின் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. சுட்டதுபோலக் கையை எடுத்தார். பிறகு, "உது எப்பிடிப் பெரிசாகினது?" என்று கேட்டார். இரண்டு விரலால் விரிக்கக் காட்டிக் கொடுத்தேன். பெரிதாக்கினார், சிறிதாக்கினார், திரும்பப் பெரிதாக்கினார். பின்னேரம் தேத்தண்ணி ஆறிப் போகும்வரை அதுதான் வேலை. கடைசியில் என்னிடம் கோபமாக, "கண்ணுக்குள்ளை மயிர் கிடக்கு. ரெண்டு தாய் இருந்தும் ஒருத்திக்குச் சீப்பு எடுக்க நேரமில்லையோ?" என்றார்.

ஜெயனி, நான் இதில் ஒன்றும் கூட்டவில்லை. கூட்ட இடமும் இருக்கவில்லை.

இன்று காலை என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க எதை எதை அமத்தவேண்டும் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். "மூண்டு மணிக்கு நீ சந்தைப் பக்கம் போ. நீ நிண்டால் நான் சொன்னதும் ஊருக்குத் தெரிஞ்சிடும், சொல்லாததும் தெரிஞ்சிடும்" என்கிறார். என் வாழ்க்கையில் நடக்கப்போகிற இவ்வளவு பெரிய விஷயத்துக்கு என்னை வாழைக்குலை பார்க்க அனுப்புகிறார்கள்! நீங்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தீர்கள் என்று ஒரு வரி விடாமல் எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் மாமன்,
லெனாட்


மெல்பேர்ண்,
10.06.2024

அன்புள்ள மாமா,

முதலில் வந்தது முகட்டு மின்விசிறி. பிறகு அரை நெற்றி. "அம்மா, ரப்லெட்டைக் கொஞ்சம் கீழை சரியுங்கோ" என்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அம்மாவோடு நான் பேசிய முதல் வசனம் அதுதான். சரித்தார். முகம் வந்தது. நரைத்துவிட்டார் மாமா. அதை நீங்கள் ஒருநாளும் எழுதவில்லை.

ஆரபி தலை இழுத்துக் கட்டிக்கொண்டு மூன்று தரம் கண்ணாடி பார்த்துவிட்டு வந்து இருந்தாள். கலா பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்துவிட்டு என்னிடம், "இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார். பக்கத்தில் இருந்தவளுக்கு நான் சொல்லவேண்டியதாயிற்று. "ஓம் மாமி" என்றாள் கலா. அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரும்வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மற்றதெல்லாம் உங்களுக்குச் சொல்லமாட்டேன். வலைப்பூவிலும் எழுதமாட்டேன். எதையும் எழுதாமல் விடாதவள் நான், இதை எழுத மனமில்லை. உங்கள் மேல் கோபமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகட்டும், அடுத்த ஞாயிறு நீங்களும் வாருங்கள். ஆரபி கேட்கிறாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பேசி முடித்ததும் அம்மாவுக்குத் தொடர்பை நிறுத்தத் தெரியவில்லை. நீங்கள் அதைக் காட்டிக் கொடுக்கவில்லைபோல. "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். நாங்களும் நிறுத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து, அந்த வெறுங்கதிரைக்கு முன்னால் இருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். குசினியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கையில் வாழைக்குலையோடு நீங்கள் திரைக்குள் வந்தீர்கள்.

எல்லாம் கண்டோம் மாமா. செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிப் பக்கம் பார்த்து, "அக்கா, என்னவாம்? என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். அம்மா பதில் சொல்ல முன்பு தண்ணீரை நிறுத்தினார். ஆரபி வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் காத்திருந்தாள். அம்மா சொன்னதுதான் என் பதிலும்.

"ஒண்டுமில்லை. சும்மா கதைச்சனாங்கள்."

அன்புடன்,
ஜெயனி